வெலிமடை வயலும் லயத்துக் கொல்லையும்

இலங்கையின் ஊவா மாகாணத்து மழைக்கணக்கு மலையகத்தின் மற்றப் பக்கங்களோடு ஒத்துவராது. மே மாதம் கடந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டனையும் நுவரெலியாவையும் நனைக்கத் தொடங்கும். அந்த மேகம் தன் நீரை மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வெறுங்காற்றாக வரும். வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை எல்லாம் அப்போது காயும். ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் அந்த உலர்ந்த கச்சான் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் மணத்தைக் கொடுக்கிறது. அதே காற்று போஞ்சிப் பூவை உதிர்த்தும்விடுகிறது. இங்கே பெருமழை ஒக்டோபரில் இடியோடு தொடங்கி, வடகீழ்ப் பருவக்காற்றோடு ஜனவரி வரை நீளும். பதுளைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி இந்த நான்கு மாதங்களில் விழுந்துவிடுகிறது.

இந்தக் கணக்கை வைத்துத்தான் ஊவாவில் மரக்கறி செய்கிறவர்கள் விதை போட்டார்கள். அந்தக் கணக்கு இப்போது அடிக்கடி பிசகுகிறது. ஒக்டோபர் மழை நவம்பருக்குத் தள்ளிப்போகிறது. வரும்போது ஒரு மாதத்து மழையை மூன்று நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. காயவேண்டிய மாதத்தில் மூடுபனி கவிகிறது. இது எல்லோருக்கும் ஒரே அடி என்று பேசுவது வழக்கம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே மலையில், ஒரே மழையின் கீழ் இருக்கும் இரண்டு வகை மரக்கறிச் செய்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடி ஒன்றாக இல்லை என்பது தெரியும். ஒன்று வெலிமடை, ஊவா பரணகமைப் பள்ளத்தாக்குகளில் கிராமத்துக் கமக்காரர் செய்யும் வயல். மற்றது பசறை, நமுனுகுலை, அப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றியும் ஓடைக்கரையிலும் மலையகத் தமிழராகிய நம் மக்கள் போடும் கொல்லை. இரண்டையும் பிரிப்பது மண்ணோ உழைப்போ இல்லை. பருவம் தவறும்போது ஒருவரால் அடுத்த போகம் வரை பொறுத்திருக்க முடிகிறது, மற்றவரால் முடிவதில்லை. அந்தப் பொறுக்கும் சக்தி நிலத்துக்கான பத்திரத்தில் இருக்கிறது.

இந்த இரண்டு நிலங்களும் எப்படி உண்டாயின என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெலிமடைப் பள்ளத்தாக்கு பழைய கண்டி இராச்சியத்தின் நெல் நாடு. 1817, 1818இல் ஊவா மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தபோது, படை வீடுகளையும் களஞ்சியங்களையும் எரித்து, கால்நடைகளைக் கொன்று, வயல்களைப் பாழாக்கியது. அந்தக் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான கெப்பெட்டிப்பொல திசாவையின் பெயரைத்தான் இன்று வெலிமடைப் பக்கத்து மரக்கறிச் சந்தை நகரம் தாங்கி நிற்கிறது. பிறகு 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் வந்தது. பத்திரம் காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குச் சொந்தம் என்றாகி, முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் விற்கப்பட்டன. கிராமத்தவரிடம் பள்ளத்து வயல் தங்கியது. மேட்டு நிலம் துரைமாருக்குப் போனது. அந்த மேட்டில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்குப் பள்ளத்திலும் பங்கில்லை, மேட்டிலும் பங்கில்லை. அவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பரா. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் உழைத்தவர் கைக்கு நிலம் வரவில்லை. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோதும் வரவில்லை.

ஆகையால் கொல்லை போடுவது தோட்டத்தில் பொழுதுபோக்காக வளர்ந்ததல்ல. 1973, 74இல் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தபோது, லயத்துக்குப் பின்னால் இருந்த அடி அடியான மண்ணில் போட்ட கிழங்கும் கீரையும்தான் பல குடும்பங்களை மறுநாளுக்குக் கொண்டுபோயின. அந்த நினைவு இன்னும் மூத்தவர்களிடம் இருக்கிறது.

இனி வயலுக்கு வருவோம். வெலிமடைக் கமக்காரரின் முறை மிக நுட்பமானது. பெரும்போகத்தில் மழையை நம்பி நெல். மார்ச், ஏப்ரலில் அறுவடை முடிந்ததும் தண்ணீரை வடித்து, அதே வயலில் வரம்பும் சாலும் எடுத்து, உமா ஓயாவிலும் அதன் கிளை ஆறுகளிலும் கட்டிய அணைகளிலிருந்து வாய்க்கால் நீர் பாய்ச்சி, சிறுபோகத்தில் உருளைக்கிழங்கோ போஞ்சியோ கரட்டோ நடுகிறார்கள். நாடு காயும் மாதங்களில் கிழங்குக்கு நோய் குறைவு, சந்தையில் விலை கூடுதல். நெல்லுக்காக மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி நின்ற மண்ணில், கிழங்கை வாடவைக்கும் பக்டீரியாவும் வேர்ப்புழுவும் பெருமளவு மடிந்துவிடும். நெல்லும் கிழங்கும் மாறி மாறி வருவதால் அந்த வயல் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. மேட்டு நிலம் உள்ளவர்கள் நவம்பர் கடைசியில் மழைக்கிழங்கும் போடுவார்கள். அது கொஞ்சம் துணிச்சலான வேலை. பனியும் தூறலும் சேர்ந்த ஒரு வாரத்தில் இலையும் தண்டும் கருகி, கிழங்கு நிலமே வெந்தது போலாகிவிடும். அந்தக் கருகல் நோய் தலைகாட்டிய பிறகு மருந்து அடித்துப் பயன் குறைவு. வருமுன் அடிக்க வேண்டும், மழை கழுவினால் மறுபடி அடிக்க வேண்டும்.

இந்த முறையின் பலவீனம் அதன் முதலீட்டில் இருக்கிறது. கிரனோலா இனக் கிழங்குதான் பெரும்பாலும் நடப்படுகிறது. ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு தொன் விதைக்கிழங்கு வேண்டும். விதையே செலவின் பெரும்பங்கை விழுங்கும். அதற்குமேல் பசளை, மருந்து, டீசல், கூலி. மூன்று மாதம் கழித்துத்தான் காசு திரும்பும். பொண்டாட்டியின் நகையை அடகு வைத்து விதை எடுப்பது வெலிமடையில் சாதாரணம். போகம் பிழைத்தால் நகை மீளும், பிழைக்காவிட்டால் வட்டி ஏறும். இதில் இன்னொரு கை அரசுடையது. 1967 தொடக்கம் 1996 வரை உருளைக்கிழங்கு இறக்குமதிக்கு இருந்த தடைதான் இந்தப் பள்ளத்தாக்கைக் கிழங்கு நாடாக்கியது. தடை நீங்கிய பின் இந்தியக் கிழங்கும் பாகிஸ்தான் கிழங்கும் வந்தன. அன்றிலிருந்து இறக்குமதி வரி எந்த மாதம் ஏறும், எந்த மாதம் இறங்கும் என்பதும் வெலிமடைக்கு ஒரு பருவம் ஆகிவிட்டது. வரியை அறுவடைக்குப் பிந்தி உயர்த்தினால் கமக்காரருக்கு ஒரு பயனும் இல்லை.

லயத்துக் கொல்லையின் கதை வேறு. அங்கே வயல் கிடையாது, வாய்க்கால் கிடையாது. தேயிலை பிடுங்கிய மூலை, ஓடைக்கரைச் சதுப்பு, லயத்துக்கும் பாதைக்கும் நடுவில் ஒரு சரிவு, பாறை நடுவே கொஞ்சம் மண். அளவைக் கேட்டால் ஏக்கரில் சொல்லமாட்டார்கள். இத்தனை பாத்தி என்பார்கள். தண்ணீர் மலை ஊற்று விழும் பீலியிலிருந்து குடத்தில் வரும், வசதி இருந்தால் கறுப்புக் குழாய் போட்டு இறக்குவார்கள். பசளை பெரும்பாலும் சொந்த மாட்டுத் தொழுவத்து எரு. பொழுது, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பிறகு மிஞ்சும் மாலை வெளிச்சமும் ஞாயிற்றுக்கிழமையும். வேலையிலிருந்து ஓய்ந்த தாத்தாவும் அம்மாயியும்தான் அநேக கொல்லைகளின் உண்மையான முதலாளிகள்.

அதில் என்ன போடுகிறார்கள் என்பதைப் பார்த்தாலே அவர்களின் நிலை தெரியும். முள்ளங்கி நாற்பது, நாற்பத்தைந்து நாளில் வரும். நோக்கோலும் போஞ்சியும் இரண்டு மாதத்துக்குள். கீரை அதற்கும் முன்பே. ஓரத்தில் பூசணி, வேலியில் சௌசௌ, மூலையில் வாழை. கோவா போட்டால் கொஞ்சமாக. நான்கு மாதத்துக்கு மேல் நிற்கும் லீக்ஸைப் பெரிய அளவில் போடுகிறவர் அரிது. பழமரம் நட்டு ஐந்து வருடம் பார்த்திருப்பவர் அதிலும் அரிது. அந்த மண் நாளை தம்மிடம் இருக்குமா என்று தெரியாதவர், சீக்கிரம் கைக்கு வருவதைத்தான் நடுவார். அந்த மூலையில் மீண்டும் தேயிலை நடப் போகிறோம் என்றோ வேறு வேலைக்கு வேண்டும் என்றோ நிர்வாகம் சொன்னால், விட்டுக்கொடுப்பதைத் தவிர வழியில்லை. பல தோட்டங்களில் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்பது உண்மைதான். கண்டும் காணாமல் விடுவது உரிமை ஆகாது.

இனி இரண்டையும் ஒரே பிசகின் முன் நிறுத்திப் பார்க்கலாம்.

மழை தாமதித்தால் முதலில் தடுமாறுவது வெலிமடை. நெல் பிந்தினால் அறுவடை பிந்தும். அறுவடை பிந்தினால் கிழங்கு நடுவது பிந்தும். பிந்தி நட்ட கிழங்கு, தோண்டும் நேரத்தில் ஒக்டோபர் மழையில் மாட்டிக்கொள்ளும். ஒரு போகத்தின் பிழை அடுத்த போகத்தின் தலையில் விழுகிறது. லயத்துக் கொல்லைக்கு இந்தச் சங்கிலி இல்லை. ஒரு பாத்தி போஞ்சி முளைக்காவிட்டால் அந்த இடத்தில் முள்ளங்கி தூவலாம். பல பயிர் கலந்து போடுவதால் ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் கொல்லை வயலைவிட உறுதியானது என்றே சொல்வேன். பருவம் பிசகும் காலத்துக்குப் பலவகைப் பயிர் நல்லது என்று விவசாய அறிஞர்கள் இப்போது எழுதுவதை நம் அம்மாயிமார் வறுமையின் கட்டாயத்தால் எழுபது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

வறட்சியில் இந்தக் கணக்கு புரண்டுவிடும். 2016, 2017இல் நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி நாட்டைப் பிடித்தது. அப்படிப்பட்ட ஆண்டில் வெலிமடைக் கமக்காரர் வயலில் கிணறு தோண்டுவார், மோட்டார் வாங்குவார், வாய்க்கால் நீரைத் தண்ணீர் முறை வைத்துப் பங்கிடக் கமக்கார அமைப்பில் சண்டை பிடிப்பார். எல்லாம் செலவுதான், ஆனால் செய்ய வழி இருக்கிறது. தோட்டத்தில் கிணறு தோண்ட யாரிடம் அனுமதி கேட்பது? பீலி மெலிந்தால் முதலில் குடிக்க, பிறகு சமைக்க, குளிக்க, கடைசியாகத்தான் பாத்திக்கு.

இதோடு மனிதர் கொண்டுவந்த வறட்சி ஒன்றும் சேர்ந்தது. உமா ஓயா பல்நோக்குத் திட்டத்துக்காகப் பண்டாரவளைப் பக்கம் மலைக்கடியில் சுரங்கம் குடைந்தபோது, 2014இன் கடைசியில் நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பீறிட்டது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் பண்டாரவளையில் மக்கள் திரண்டு வீதிக்கு வந்தார்கள். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. வெலிமடைப் பக்கத்து ஆற்று நீர் இப்போது மலையைக் குடைந்து தெற்கே இறங்குகிறது. கிணறு வற்றியவர் இழப்பீடு கேட்கக் காணியின் எல்லையைக் காட்டலாம். பீலி வற்றினால் எந்தக் காணியின் பெயரில் கேட்பது என்ற கேள்வியை அந்த நாட்களில் பேசியவர்கள் மிகச் சிலர்.

பசளைத் தடையையும் ஒரு பருவப் பிசகாகவே எண்ணுகிறேன். அதுவும் வானத்திலிருந்து விழுந்தது போலத்தான் விழுந்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை, மருந்து இறக்குமதிக்குத் தடை வந்தது. அந்த நவம்பர் முடிவதற்குள் நீக்கப்பட்டது. அதற்குள் கிழங்கும் கோவாவும் சிறுத்துப்போயின. தடை நீங்கிய பிறகும் பசளை விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மாட்டெருவில் நின்ற கொல்லைகள் அந்த மாதங்களைக் கொஞ்சம் எளிதாகவே கடந்தன. ஆனால் பசளை இல்லாமல் தேயிலையும் துளிர்க்கவில்லை. கொழுந்து குறைந்ததால் பேர் போடும் நாளும், அதாவது சம்பளம் கிடைக்கும் வேலைநாளும், குறைந்தது. கொல்லை காப்பாற்றியதைச் சம்பளத்தில் இழந்தார்கள்.

சந்தையில் இரு பக்கமும் பேரம் பேசும் பலம் குறைந்தவர்கள்தான். கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு விடியுமுன் லொறி வர வேண்டும். தம்புள்ளையும் கொழும்பும் அன்று என்ன கேட்கின்றன என்பதை வைத்து வியாபாரி விலை சொல்வார். பழுதாகும் சரக்கை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. 2023 டிசம்பர் மழையில் பயிர் அழுகியதால் 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபா வரை போனது. பத்திரிகைகள் கமக்காரருக்கு யோகம் என்று எழுதின. கரட் அழுகிப்போனவருக்கு அந்த 2,000 ரூபாவால் என்ன பயன்? அந்த வாரம் தோண்டத் தயாராக நின்ற சிலருக்கு மட்டும் அது வாய்த்தது. விலையைப் பார்த்து எல்லோரும் கரட் விதைத்தால் மூன்று மாதத்தில் விலை தரையைத் தொடும்.

லயத்து மரக்கறி கெப்பெட்டிப்பொலவுக்குப் போவதே குறைவு. ஒரு பை போஞ்சிக்கு லொறிக் கூலி கட்டாது. அது தோட்டத்துக் கடைக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் ஓட்டோவிலும் தலைச்சுமையாகவும் போகிறது. அடுத்த லயத்துக்குக் கடனாகவும் போகும். விலை குறைவு, ஆனால் விலை தரையைத் தொடும் நாளில் அதை வீட்டிலேயே சமைத்துவிடலாம். விற்பதற்காகப் போட்டதா, தின்பதற்காகப் போட்டதா என்று பிரிக்க முடியாத செய்கை அது. 2024 செப்டெம்பரில் நாளொன்றுக்கு 1,350 ரூபா அடிப்படைச் சம்பளம் என்று தீர்மானிக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் குடும்பத்தில், மரக்கறிக்குக் கடையில் காசு கொடுக்காத ஒரு வாரம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்குத் தெரியும்.

இங்கேதான் பத்திரத்தின் விஷயம் வருகிறது. கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் பசளை மானியம், கடன், இழப்பீடு, பயிற்சி எல்லாம். பதிவேட்டில் பெயர் ஏறக் காணி வேண்டும், அல்லது காணிக்காரரோடு செய்த குத்தகை உடன்பாடு வேண்டும். வெலிமடைக் கமக்காரர் எல்லோரிடமும் முழு உரிமை தரும் உறுதிப் பத்திரம் இல்லை. பலர் அனுமதிப்பத்திரத்திலும், ஜயபூமி, சுவர்ணபூமி போன்ற அளிப்புப் பத்திரங்களிலும் நிற்கிறார்கள். விற்கவோ வங்கியில் ஈடு வைக்கவோ அவற்றில் தடைகள் உண்டு. ஆனாலும் அந்தத் தாள் இருப்பதால் அவர் அரசின் கண்ணுக்குக் கமக்காரர். கொல்லை போடும் நம் ஆள் அதே கண்ணுக்குத் தேயிலைத் தொழிலாளி. அவர் வளர்த்த போஞ்சி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அழிந்தாலும் அழிந்ததாகக் கணக்கில் வராது.

பயிர்க் காப்புறுதியைப் பாருங்கள். 2018 தொடக்கம் நெல், சோளம், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், மிளகாய், சோயா ஆகிய ஆறு பயிர்களுக்குக் கட்டணமில்லாக் காப்புறுதி என்று அரசு அறிவித்தது. வெலிமடைக் கிழங்கு அதில் இருக்கிறது. வெலிமடைப் போஞ்சியும் கரட்டும் இல்லை. கிழங்கு சரிவராத பருவத்தில் புத்தியாகப் பயிரை மாற்றுகிற கமக்காரர் அந்தக் கணமே காப்புக்கு வெளியே போய்விடுகிறார். லயத்துக் கொல்லையில் போடுகிற பெரும்பாலான பயிர்கள் பட்டியலிலேயே இல்லை. அதாவது, நீண்ட ஒற்றைப் பயிருக்குத்தான் நாடு கைகொடுக்கிறது. குறுகிய, கலந்த, வளைந்து கொடுக்கும் செய்கைக்கு ஒன்றும் இல்லை. பருவம் குழம்பும் காலத்துக்கு இதைவிடத் தலைகீழான ஏற்பாடு இருக்க முடியாது.

உறுதி உள்ளவர் மண்ணில் போடும் முதலீடும் வேறு. கல் அடுக்கி மேடை கட்டுவார், மேல்மண் ஓடாமல் ஓரத்தில் புல் நடுவார், சுண்ணாம்பு போட்டு மண்ணின் புளிப்பை எடுப்பார். இவை எல்லாம் மூன்று, நான்கு போகம் கழித்துப் பலன் தருபவை. அநித்தியமான பாத்தியில் ஒருவர் ஏன் கல் அடுக்குவார்? இதில் ஒரு வருத்தமான முரண் இருக்கிறது. சரிவில் மண்ணைப் பிடிக்கும் கலையில் தோட்டத்து ஆளை மிஞ்ச ஆளில்லை. சமமட்டமாகக் கான் வெட்டுவது, கானில் மண்குழி விட்டு வண்டலைத் தேக்குவது, மதகு கட்டுவது, கல்கட்டு ஏற்றுவது எல்லாம் கோப்பிக் காலத்திலிருந்து அவர்களுடைய கைவேலை. வெலிமடையின் மேட்டு நிலங்களில் கிழங்குச் சாலைச் சரிவின் போக்கிலேயே இழுத்து, ஒவ்வொரு மழையிலும் மேல்மண்ணை உமா ஓயாவுக்கு அனுப்பும் இடங்களைக் காணும்போதெல்லாம் இந்த முரண் என்னை உறுத்துகிறது. மண்ணைக் காக்கத் தெரிந்தவருக்கு மண் இல்லை.

இந்த இரண்டு உலகங்களும் சந்திக்காமல் இல்லை. நடுகைக்கும் தோண்டுகைக்கும் வெலிமடைக் கிராமங்களுக்குத் தோட்டத்திலிருந்து ஆட்கள் கைக்காசுக்குப் போகிறார்கள். ஒரு நாள் கூலி தோட்டச் சம்பளத்தைவிடக் கூடுதல், பகல் சாப்பாடும் தேநீரும் சேரும். விதைக்கிழங்கை இருட்டில் வைக்காமல் பரவிய வெளிச்சத்தில் முளைக்கவிடுவது, எந்த மருந்தை எந்தப் பனிக்கு முன் அடிப்பது என்பவை எல்லாம் அப்படிப் போய்க் கற்றவைதான். அங்கிருந்து ஒரு பை விதைக்கிழங்கைக் கூலியோடு வாங்கிவந்து லயத்துக்குப் பின்னால் நட்டுப் பார்க்கிறார்கள். சிலர் கிராமத்தவரின் மேட்டு நிலத்தைப் போகக் குத்தகைக்கு எடுத்தும் செய்கிறார்கள். நாள்முழுக்கத் தோளோடு தோள் நின்று வேலை செய்த சிங்களக் கமக்காரருக்கும் தமிழ்க் கூலியாளுக்கும் பயிரைப் பற்றிப் பேச மொழி தடையாவதில்லை. ஒருவர் சொல்லும் நோய்க்குறியை மற்றவர் இலையைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

உறுதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் எண்ணவேண்டாம். நீலகிரியில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் ஊவாவிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் அனுப்பப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் அந்த மலையில்தான் போய்ச் சேர்ந்தன. அங்கே கேத்திப் பள்ளத்தாக்கு, வெலிமடையைப் போலவே படிக்கட்டு மரக்கறி நிலம். பட்டா உள்ள விவசாயிகளின் பூமி. 2009 நவம்பரில் வடகிழக்குப் பருவமழை ஒரே நாளில் அங்கே 800 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்கடியில் போனார்கள். மழை பட்டாவைக் கேட்டு இறங்கவில்லை.

ஊவாவுக்கும் அந்தப் பயம் புதியதல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் முதல் எச்சரிக்கை, 100ஐத் தாண்டினால் இரண்டாவது, 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு மேலே மீரியாபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்துங்கள் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. அங்கிருந்தவர்களுக்குப் போக இடம் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியாவோடு பதுளையும் மிக மோசமாக அடிபட்டது. பள்ளத்தில் வயல் வண்டலால் மூடியது, மேட்டில் லயமும் கொல்லையும் சேர்ந்து இறங்கின. மண் மூடிய வயலை வெட்டித் திறக்கலாம், அது இன்னும் அவருடைய வயல்தான். கொல்லையோடு லயத்தையும் இழந்தவர் திரும்பிப்போக அந்த இடத்தில் அவருக்கு ஒன்றும் எழுதிவைக்கப்பட்டிருக்கவில்லை.

இப்போது மலையகத்தில் வீடுகள் கட்டப்படுகின்றன. இதுவரை கட்டியவற்றில் பெரும்பாலானவை ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு. தனி வீடும் தன் பெயரில் ஒரு பத்திரமும் கிடைப்பது சிறிய காரியமல்ல. 200 ஆண்டு காத்திருந்து வந்தது அது. ஆனால் கணக்கைப் போடுங்கள். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீட்டுக்கு 51 போய்விடும். கழிவறைக் குழி, வாசல், பாதை, சரிவை வெட்டிய பின்பக்கக் கரை இவற்றையும் கழித்தால் மிஞ்சுவதில் நாலைந்து பாத்தி தேறும். கறிவேப்பிலைக்கும் கீரைக்கும் போதும். ஒரு குடும்பம் பருவத்தைத் தாங்கி நிற்க அது போதாது. குறைந்தது இருபது பேர்ச்சஸ் வேண்டும் என்று மலையகத்தில் நெடுங்காலமாகக் கேட்பவர்கள் கூடுதலாகக் கேட்கவில்லை. அதோடு, வீட்டுக்காணி வேறு, செய்கைக்காணி வேறு என்று பிரித்துக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். கம்பனிகள் கைவிட்ட, காடு பிடித்த தேயிலை மலைகள் ஊவாவில் ஏராளம். அவற்றில் சரிவும் மண்ணும் பார்த்து, இடியாத இடங்களைத் தேர்ந்து, பத்து, பதினைந்து ஆண்டுக் குத்தகையாகக் குடும்பத்தின் பெயரில், கணவன் மனைவி இருவர் பெயரிலும், எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தாள் இருந்தால் கமநல சேவை நிலையத்தில் பதியலாம், கிணறு தோண்டலாம், கான் வெட்டிக் கல் அடுக்கலாம், லீக்ஸும் போடலாம், கொய்யாவும் நடலாம். வெலிமடைக்கு வேண்டியது வேறு. போஞ்சியையும் கரட்டையும் கோவாவையும் சேர்த்துக்கொள்ளும் காப்புறுதி, அறுவடைக்கு முன்பே தெரியும் இறக்குமதி வரி, தோண்டிய கரட்டைச் சில நாள் தாங்கிவைக்கக் கெப்பெட்டிப்பொலவில் குளிர்க்களஞ்சியம்.

எச்சரிக்கையும் தமிழில் நேரத்துக்கு லயம்வரை வர வேண்டும். இன்று மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் அறிவிப்பு வெளியாகிறது. அது தோட்டத்து அலுவலகத்திலோ யாரோ ஒருவரின் கைப்பேசியிலோ நின்றுவிடக் கூடாது. ஒக்டோபர் தொடங்குமுன் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மழைமானியும் அதைத் தினமும் பார்த்து எழுத ஒருவரும் இருந்தால், 75ஐத் தாண்டும் இரவில் யார் யார் எந்தப் பாடசாலைக்கோ கோயிலுக்கோ போக வேண்டும் என்பதை அந்தப் பிரிவினரே தீர்மானித்துக்கொள்ள முடியும். அதே மானி, எப்போது போஞ்சி போடலாம், எப்போது பொறுக்கலாம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லும்.